சயாமுக்குப் போனவரின் முகம்

ஈப்போவில் யாரைப் பார்த்தாலும் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். நம் ஊர் "சாப்பிட்டாச்சா"வைப் பதில் சொல்லாமலே கடந்துவிடலாம். இங்கே அது நடக்காது. இல்லை என்று சொன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். நான் போய்ச் சேர்ந்த காலை, தேவராஜா ஐயா என்னை ஒரு சீனர் கடையில் உட்கார வைத்து, வெள்ளைக் கோப்பியும், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா தடவிய ரொட்டியும் வரவழைத்தார். கோப்பி கெட்டியாக, நன்றாகவே இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை. சென்னையில் மகளுக்குக் காய்ச்சல்.

"நூற்றொன்று. மருந்து கொடுத்தாச்சு. நீ வேலையைப் பாரு" என்று கணவர் செய்தி அனுப்பியிருந்தார். அந்தக் கடைசி வரியில் கோபம் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு நான் வெளியூர் வருவது இதுதான் முதல் தடவை. தாய்ப்பாலை நிறுத்த நல்ல சந்தர்ப்பம் என்று மாமியார் சொன்னார். அவளுக்கு அது நல்லதாக இருக்கலாம். எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கினாலே வலித்தது.

என் வேலை பழைய காகிதங்களைப் பழுதுபார்ப்பது. ஓவியங்கள், வரைபடங்கள், திருமணப் பத்திரிகைகள், எதுவானாலும். அதோடு சேர்ந்து வருகிற வேலை, ஒரு கோட்டோவியம் எந்தக் காலத்தது, யார் கைவேலை என்று சொல்வது. அதற்காகத்தான் தேவராஜா ஐயா என்னை அழைத்திருந்தார். ஓய்வுபெற்ற வழக்கறிஞர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பிறந்தது இங்கே தைப்பிங்கில் என்றாலும் வீட்டுப் பேச்சு இன்னும் யாழ்ப்பாணத்துப் பேச்சுதான். ஜப்பான்காரர் ஆட்சியில் இந்தப் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்ட தமிழர்களைப் பற்றி, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சிறிய கண்காட்சி ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். போனவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. பெயர்கள் ஓரளவு கிடைத்திருந்தன. முகங்கள் கிடைக்கவில்லை.

"வெறும் பேரை ஆர் வாசிப்பினம், பிள்ளை? ஒரு முகம் வேணும். முகம் இருந்தாத்தான் சனம் நிண்டு பாக்கும்" என்றார்.

ஒரே ஒரு முகம் கிடைத்திருந்தது. கோப்பெங் பக்கம் அஞ்சலை என்ற அம்மாவின் வீட்டில், அவருடைய அப்பா வேலனின் பென்சில் படம். சயாமுக்குப் போவதற்கு முன்பு, அவர் உயிரோடு உட்கார்ந்திருக்க வரைந்தது என்று குடும்பம் சொல்கிறது. அது உண்மையென்று நான் சொல்லிவிட்டால், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலில் வைப்பார்கள்.

அன்று மதியம் தன் சாப்பாட்டு மேசையில் வேறு ஆறு படங்களைப் பரப்பிக் காட்டினார். எல்லாம் தோட்டத்து வீடுகளில் சேகரித்தவை. ஆறும் ஆண்கள். ஆறு பேருக்கும் ஒரே தலைப்பாகை, ஒரே கன்னக்குழி, அச்சுக் குத்தியது போல ஒரே மீசை. கண்ணும் மூக்கும் வாயும்தான் வேறு. ஒரே ஆளின் கைவேலை என்று சொல்ல எனக்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை.

"ஆர் அந்த ஆள்?"

அவர்தான் கேட்டார், நான் அல்ல. யாருக்கும் தெரியவில்லை. தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் வந்த ஒருவர், பின்னால் தகரப்பெட்டி கட்டியிருந்தார் என்கிறார்கள். சீனர் என்று சிலர், காரைக்குடிக்காரர் என்று சிலர். இறந்தவருக்குப் புகைப்படம் இல்லாத வீடுகளில் படையல் வைக்க ஒரு முகம் வேண்டும். அந்த மனிதர் வந்து, செத்தவரின் சாயலில் வீட்டில் யார் என்று கேட்பாராம். அண்ணனோ தம்பியோ மகனோ. அவர்களுடைய அடையாள அட்டைப் புகைப்படத்தை வாங்கிக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, மேலே தலைப்பாகையையும் வயதையும் ஏற்றிக் கொடுத்துவிடுவார்.

"இந்த ஆறும் அப்பிடித்தான். அந்தந்த வீட்டுச் சனமே சொல்லுகினம். ஆகையாலே இதுகளை வைக்க ஏலாது. வேலன்ர படம் மட்டும் வேறை எண்டு நினைக்கிறன்." என்னைப் பார்த்துக் கொஞ்சம் கெஞ்சுவது போலச் சிரித்தார். "வேறையா இருக்கோணும்."

மறுநாள் காலை அஞ்சலை அம்மாவின் மகன் குணா வேன் கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். இருக்கைகளில் பழைய வியர்வை நாற்றம். என்னை மிஸ் என்று கூப்பிட்டார். காகிதம் ரிப்பேர் பண்ண இந்தியாவில் படிப்பு இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்றதும் ரொம்ப நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்பு மலைகள் திடீரென்று சாலை ஓரத்தில் எழுந்து நின்றன. இடையிடையே ஈயம் தோண்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து ஏரிகளாகக் கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. பழைய தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று குணா குறுக்கு வழியில் இறக்கினார். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதைப் பார்க்க வேகத்தைக் குறைத்த இடத்தில் சக்கரம் சேற்றில் புதைந்தது.

"அலாமா! இப்ப சூசாதான், வம்பாப் போச்சு" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். குலை வெட்டிக்கொண்டிருந்த இரண்டு வங்காளதேசத்து இளைஞர்கள் வந்து தள்ளினார்கள். ஒருவன் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டான்.

"இந்த அக்கா இங்க வேலைக்கு வந்திருக்காங்களான்னு கேக்குறான்" என்றார் குணா. "ஆமாடா, ஜப்பான்காரன் அனுப்பியிருக்கான்னு சொல்லவா?"

வேன் கிளம்பியதும் அவரே பேசினார். "லாயர் ஐயா நல்ல மனுசன்தான் மிஸ். குறை சொல்லக்கூடாது. ஆனா பாருங்க, அப்ப தோட்டத்து ஆபீஸ்ல கிராணி வேலையில, கணக்கு எழுதிக்கிட்டு இருந்தது யாரு? அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. எந்த வீட்லேர்ந்து எவன் சயாமுக்குப் போணும்னு பேர் எழுதுனது யாரு? இப்ப கண்காட்சி போடுறதும் அவங்கதான். போடட்டும்லா. தாத்தா படம் வாசல்ல நிக்கட்டும். அம்மா அதுக்குன்னு புதுச் சேல எடுத்து வச்சிருக்கு."



வீடு, தாமான் என்று இவர்கள் சொல்கிற குடியிருப்பில், வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் துளசி, ஒரு உடைந்த சலவை இயந்திரம். அஞ்சலை அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கைலியும் தொளதொளப்பான மேல்சட்டையும் போட்டு, நிமிர்ந்து நடந்தார். நான் உள்ளே நுழைவதற்குள் மீகூனும் சம்பலும் தட்டில் வந்துவிட்டன. நம் சேமியாவைப் போல இருந்தாலும் சம்பலின் காரம் காதுவரை ஏறியது. நான் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்து, "ஊர்க்காரங்களுக்கு ஒறைப்பு தாங்கும்னு நெனைச்சேனே" என்று சிரித்தார்.

"பிள்ளைக்குக் காய்ச்சலாமே? அதுக்கு எத்தன வயசு?"

சொன்னேன்.

"நானும் அப்ப அவ்வளவுதான் இருப்பேன். அப்பா போனப்ப. வேலைக்குப் போறவங்க புள்ளைங்கள விடுற ஆயாக் கொட்டகையில தொட்டில்ல கெடந்தேனாம். பாக்கக்கூட விடல, லாரியில ஏத்திட்டாங்களாம்."

படம் சாமி மேடைக்கு மேலே சுவரில் இருந்தது. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், மல்லிகை மாலை. அதை இறக்குவதற்கு முன் சூடம் காட்டினார். "அம்மா இருந்த வரைக்கும் மாலை போட விடாது. வெறும் திருநீறுதான். பொணம் வரலீல்ல, செத்துட்டாருன்னு அது ஒத்துக்கவே இல்ல. தாலியும் கழட்டல. அம்மா போனப்பறம் நான்தான் மாலை போட ஆரம்பிச்சேன். எத்தன வருசமா மாலையில்லாம நிப்பாரு மனுசன்?"

சட்டத்தைப் பிரித்து, படத்தை மேசையில் வைத்தேன். அழகான படம். அந்த ஆறைவிட மென்மையான முகம். அதே தலைப்பாகை, அதே கன்னக்குழி. மனம் சோர்ந்தது. ஆனாலும் அந்த மனிதரே போருக்கு முன்பும் வந்திருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கைவேலை யாருடையது என்பது வேறு, எப்போது செய்தது என்பது வேறு.

"எல்லாரும் சொல்லுவாங்க, அப்பன உரிச்சு வச்சிருக்கேன்னு" என்றார் அஞ்சலை அம்மா, என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து. "இதப் பாருங்க, புருவத்துல வெட்டு. எனக்கும் அதே எடத்துல. நான் லயத்துக் காண்ல, சாக்கடையில விழுந்து பட்டது. அவருக்கு எங்க பட்டுச்சோ. தலையெழுத்தப் பாத்தீங்களா, அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே எடத்துல!"

அவர் இடது புருவத்தைப் பார்த்தேன். நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு. படத்தைப் பார்த்தேன். அதே கோடு, அதே சாய்வு.

தழும்பு வம்சத்தில் வருவதில்லை.

செய்ய வேண்டியதைச் செய்தேன். சன்னலை மூடச் சொல்லி, புற ஊதா ஒளி விளக்கைக் காட்டினேன். போர் முடிந்த பிறகு வந்த காகிதங்களில்தான் வெண்மைக்காக ஒரு ரசாயனம் சேர்க்கப்பட்டது. இந்த ஒளியில் அது நீலமாகச் சுடர்விடும். பழைய காகிதம் மங்கலாகவே கிடக்கும். வேலனின் முகத்தைச் சுற்றியிருந்த இடமெல்லாம் நிலா வெளிச்சம் போல நீலம் பூத்தது. "அழகா இருக்கு" என்றார் அஞ்சலை அம்மா. நான் விளக்கை அணைத்தேன்.

பிறகு சாதாரண விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். முகம் முழுக்க அழித்த கட்டங்கள். தலைப்பாகைக்குக் கீழே, அழுத்தி அழித்த இடத்தில், நடுவகிடு. வலது மூக்கில் பென்சில் முனை குத்தி அழித்த ஒரு சிறிய பள்ளம்.

"அம்மா, நீங்க சின்ன வயசுல மூக்குத்தி போட்டிருந்தீங்களா?"

"பின்ன? ஐசி எடுக்குறப்ப புதுசா குத்திவிட்டாங்க. பன்னெண்டு வயசுல. தோட்டத்துக்கே படம் புடிக்கிறவன் வந்தான். எல்லாரையும் செவுத்துல நிக்க வச்சு எடுத்தான்."

"அந்த ஐசி, அடையாள அட்டை, இருக்கா?"

"பழச குடுத்தாத்தான் புதுசு தருவான். ஏன் தங்கச்சி?"

ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. முகம் குனிந்து சட்டத்தைத் திரும்ப மாட்டினேன். மாலையையும் அவர் திரும்பப் போட்டார். அதைத் தடுக்க வாயெடுத்து, தடுக்காமல் விட்டேன்.

அன்று மாலை விடுதியில் குழந்தையோடு வீடியோவில் பேசினேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரையை விட்டு நகர்ந்து, மேசைக்கு அடியில் உருண்டு போன பந்தைத் தேடிப் போனாள். மாமியார், "நல்லாத்தான் இருக்கா, நீ அழாத" என்றார். நான் அழவில்லை. குளியலறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்து தேவராஜா ஐயாவுக்குப் போன் செய்தேன்.

அது அஞ்சலை அம்மாவின் பன்னிரண்டு வயது முகம் என்று சொல்லி முடித்தேன். "அப்ப அதுவும் இல்லை" என்றார். பிறகு, "எனக்கு எழுதித் தாங்கோ. அந்த மனுசிக்கு ஏன் சொல்லோணும்? இடம் போதேல்லை எண்டு நான் சொல்லிவிடுறன்."

அதுவே சரியென்று பட்டது. அரை மணி நேரம் சரியென்று பட்டது. பிறகு அந்தப் புதுச் சேலை ஞாபகம் வந்தது. திறப்பு நாளில் சேலை கட்டிக்கொண்டு வந்து, வாசலில் அப்பாவைத் தேடுவார். இடம் போதவில்லை என்று யாரோ ஒரு இளைஞன் சொல்வான். அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, தன் முகத்துக்கே மாலை போடுவார். இதில் எது மோசம்? சொல்வதா, சொல்லாமல் விடுவதா? ஆறுதலுக்காகத்தான் சொல்ல நினைக்கிறேனா, யாருடைய ஆறுதலுக்காக? விடியும்வரை இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் வேனில் குணாவிடம் முதலில் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கம்மாவா? மீசை வச்சா?" ஸ்டியரிங்கில் குத்திக் குத்திச் சிரித்தவர், அடுத்த விளக்கில் நின்றபோது அடங்கிவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தும் நகரவில்லை.

"அம்மாட்ட சொல்லாதீங்க மிஸ்."

"சரி."

"சத்தியமா?"

"சரிங்க அண்ணே."

ஆனால் அஞ்சலை அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "என்னா தங்கச்சி, நேத்து மூஞ்சே சரியில்ல. அப்பாவ எடுத்துக்கிட்டீங்களா, இல்லியா?"

நான் குணாவைப் பார்த்தேன். குணா செருப்பைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவருக்கே பாதி புரிந்துவிட்டது. அதற்கு மேல் ஒளிப்பது அவமானமாக இருந்தது. சொன்னேன். காகிதம் போருக்குப் பின்னால் வந்தது என்பதில் ஆரம்பித்து, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் போனில் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகிட்டைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். விரல் தானாகத் தன் மூக்குக்குப் போனது.

கண்ணீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து போய்ப் படத்தின் மாலையைப் பிய்த்து எடுத்தார். மல்லிகை தரையெல்லாம் சிந்தியது.

"உசிரோட இருக்கிறவளுக்கு நானே மாலை போட்டிருக்கேன்."

"அம்மா, அது சும்மா ஒரு படம்..." என்றார் குணா.

"உனக்கு என்னாடா தெரியும்? அதான் எங்கம்மா மாலை போட விடல. அதுக்குத் தெரியும். பிள்ள பயந்துக்கும்னு வாயத் தொறக்கல. நான் மடச்சி, அது செத்த வருசமே மாலைய போட்டேன்." மூச்சு வாங்கியது. "அடுத்த வருசம் மோகன் போனான்."

மோகன் குணாவின் அண்ணன். லுமுட் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனபோது இறந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"எமன் வந்து பாத்திருப்பான். மாலை போட்ட மூஞ்சி இந்த வீட்ல எங்கன்னு தேடியிருப்பான். ஆள் மாறி எம்புள்ளைய எடுத்துட்டான்."

அப்படியெல்லாம் இல்லம்மா என்று முனகினேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. குணா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

திரும்பும்போது குணா என்னை விடுதிவரை கொண்டு விடாமல் பேருந்து நிலையத்தில் நிறுத்தினார். "நல்லாத்தானே இருந்திச்சு மிஸ்" என்றார் முன்னால் பார்த்தபடி. "எழுபது வருசம் நல்லாத்தானே இருந்திச்சு." நான் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது.

அடுத்த நாள் முழுவதும் அறிக்கை எழுதினேன். காகிதம், கட்டங்கள், கைவேலை ஒற்றுமை, காலம். இரண்டு பக்கத்தில் முடிந்தது. தேவராஜா ஐயா வாங்கிப் படித்துவிட்டு, வாசலில் பெயர்ப் பலகை மட்டும் வைக்கப் போவதாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்கு ஈப்போவின் பேர்போன முளைப்பயறுக் கோழி வாங்கிக் கொடுத்தார். வெண்மையான கோழி, குண்டு குண்டான முளை, சுற்றிலும் ஆட்கள் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முளைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றேன்.

"நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள், பிள்ளை" என்றார். என்னிடம் யாராவது அப்படிச் சொன்னால் உடனே சந்தேகம் வந்துவிடும்.

கிளம்புகிற நாளன்று, விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கோப்பெங் பேருந்து என்று நினைத்து ஏறினேன். அது பத்து காஜா பேருந்து. நடுவழியில் புரிந்து, எழுந்து நின்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பதறியதைப் பார்த்து, முன் இருக்கையில் இருந்த மலாய் அம்மா ஓட்டுநரை அதட்டி நிறுத்த வைத்தார். "இந்தப் பெண் தொலைந்துவிட்டாள், கொஞ்சம் நில்லு" என்று அவர் சொன்னதாகப் பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்தார். சாலையோரம் நின்று டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

குணா வேலைக்குப் போயிருந்தார். கதவைத் திறந்த அஞ்சலை அம்மா என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பசியாறிட்டியா?" என்றார். இல்லை என்று உண்மையைச் சொன்னேன். தே, நம் டீதான், கலந்து, நேற்றைய தோசை இரண்டைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். நான் தின்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். முகம் இரண்டு நாளில் ஒடுங்கியிருந்தது.

சாமி மேடைக்கு மேலே சுவரில் வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. படத்தை ஒரு கைலியில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார். இறக்கி மேசையில் வைத்து, முடிச்சை அவிழ்த்தார்.

"தூக்கிப் போட மனசு வரல. மாட்டவும் பயமா இருக்கு. நீ படம் ரிப்பேர் பண்றவதானே? இந்த மீசைய அழிச்சுட முடியுமா?"

"அழிச்சா?"

"நானாவது ஆவேன்ல. இப்ப அவரும் இல்ல, நானும் இல்ல. பொம்பளப் புள்ள மூஞ்சின்னு ஆயிட்டா, சும்மா என் சின்ன வயசுப் படம்னு ஒரு மூலையில வச்சுக்கலாம். மாலையும் வேணாம் மண்ணும் வேணாம்."

முடியும். மென்மையான அழிப்பானும் பொறுமையும் இருந்தால் முடியும். என் தொழிலில் அது கூடாது என்பார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முடியுமா முடியாதா என்று சொல்வதற்காகவாவது பார்ப்போம் என்று உருப்பெருக்கியை எடுத்து மீசைமேல் வைத்தேன். முதல் தடவை அதை நான் கவனித்திருக்கவில்லை. கண்ணையும் மூக்கையும் பார்த்ததோடு பயந்து நிறுத்திவிட்டேன்.

மீசையின் கீழே இன்னொரு மீசை இருந்தது. மற்ற ஆறு படங்களிலும் இருக்கிற அதே அச்சு மீசை. அதை வரைந்தவரே அழித்திருந்தார். அதற்கு மேல் ஒன்று வரைந்து, அதையும் அழித்திருந்தார். காகிதம் அந்த இடத்தில் பஞ்சாகத் தேய்ந்திருந்தது. மூன்றாவதாக வரைந்ததுதான் இப்போது தெரிகிறது. முறுக்கு இல்லாமல், இடது பக்கம் கொஞ்சம் இறங்கி, மெல்லியதாக. அதன்மேல் கட்டம் எதுவும் இல்லை. எந்தப் புகைப்படத்தையும் பார்த்து வரைந்ததில்லை.

அதை அவரிடம் சொன்னேன். உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்துக் காட்டினேன். கண்ணும் மூக்கும் வாயும் உங்க ஐசியிலேர்ந்து வந்தது. தலைப்பாகையும் கன்னமும் அந்த ஆள் எல்லாருக்கும் போடுறது. மீசையையும் எல்லாருக்கும் போடுற மாதிரிதான் போட்டிருக்கார். யாரோ வேணாம்னிருக்காங்க. திரும்பப் போட்டிருக்கார். அதுவும் இல்லன்னிருக்காங்க.

"பக்கத்துல நின்னு, இப்படி இல்ல, இப்படி இல்லன்னு யாரோ சொல்லிக்கிட்டே இருந்திருக்கணும்."

அஞ்சலை அம்மா உருப்பெருக்கியைக் கீழே வைக்கவில்லை. "எங்கம்மாதான்" என்றார். "வேற யாரு?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றேன். சொன்னதுமே அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. "ஆனா அவர நேர்ல பாத்தவங்கதான் அப்படித் திருத்தச் சொல்லியிருக்க முடியும்."

வெளியே யாரோ காய்கறி வண்டியில் கூவிக்கொண்டு போனார்கள். அவர் இடது கையால் படத்தின் கண்களையும் மூக்கையும் மூடினார். வலது கையால் உதட்டையும் தாடையையும் மூடினார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அந்த மீசை மட்டும் தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாம்மா."

அவர் கைகளை எடுக்கவில்லை.